'வா' என்றால் வராதவர்

மண்ணுக்குள்ளாவது குளிராமல் இருக்கிறீர்களா என்று நான் கேட்க நினைக்கும் என் அப்பாவுக்கு,

முதலில் நீங்கள் கேட்கப்போவதற்குப் பதில். பெரியவர் உயிரோடு இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அரைப் பூசணிக்காயைத் தின்று முடித்தாராம். பங்களாச் சமையல்காரர் மரியான், புசல்லாவை பஸ்ஸில் வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பினார்.

அடுத்தது அம்மா. முழங்கால் வீக்கம் குறையவில்லை. ஆனால் தோட்டத்து லயத்தில், நம் ஓரறைக் காம்பராவில்தான் இருக்கிறார். கூரைத் தகரம் அந்த மூலையில் இன்னும் ஒழுகுகிறது. மூன்றாவது நான். எனக்கு ஒன்றும் இல்லை.

இந்த வரிசையில்தான் நீங்கள் எப்போதும் விசாரிப்பீர்கள். கண்டியிலிருந்து நான் லீவில் வந்து இறங்கினால், "பெரியவரப் பாத்துட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டேனா என்பதெல்லாம் அப்புறம். ஒரு ஆமைக்குப் பின்னால் வரிசையில் நின்றபடியே எனக்கு இருபத்திரண்டு வயது ஆனது.

இன்று கல்லறைத் திருநாள். காலையிலிருந்து கண்டித் தெருவில் சனங்கள் மெழுகுவர்த்தியும் பூவுமாகப் போகிறார்கள். நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் குழி தோட்டத்து எல்லைக்குள் இருக்கிறது. அந்த எல்லைக்குள் நான் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அது ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு நடந்தது. உங்களுக்கு வாசிக்கவும் தெரியாது. அதனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் வைத்து உரக்கச் சொல்கிறேன். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இதை எழுதி, எங்கள் அச்சகத்தில் அடிக்கும் பத்திரிகையின் ஆசிரியரிடம் காட்டினேன். "துரை சொன்னான்" என்று எழுதியிருந்தேன். "பத்திரிகையில் அப்படிப் போட முடியாது தம்பி, 'ன்' எடுத்துவிட்டு 'ர்' போடு" என்றார். "ஆமை வந்தார்" என்று எழுதியிருந்தேன். "இதில் 'ர்' எடுத்துவிட்டு 'து' போடு" என்றார். முதலாவதை மாற்றினேன். இரண்டாவதை மாற்றவில்லை. அச்சுக் கோப்பவன் நான்தானே.

பெரியவர் எப்போது வந்தார் என்று தோட்டத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மலையில் தேயிலை வருவதற்கு முன், காப்பி இருந்த காலத்தில், அப்போதைய துரை ஒருவர் நடுக்கடல் தீவு ஒன்றிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார் என்பார்கள். துரைமார் மாறினார்கள். பங்களாவைக் கைமாற்றும்போது கதிரை, அலுமாரியோடு சேர்த்து அவரையும் கைமாற்றினார்கள். நான்கு ஆள் கழி கொடுத்துத் தூக்கினால்தான் தரையை விட்டுக் கிளம்புவார். ஓட்டின் மேல் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். துரைசானி ஒருத்தி வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று இருந்தது. லயத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. பெரியவர் என்றே ஆகிவிட்டது.

அவர் வெயில் தீவுக்காரர். நம் மலையோ மார்கழி பிறந்தால் பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் விலகாத மலை. குளிர் ஏறினால் அவர் தின்னமாட்டார். தின்றாலும் செரிக்காது, வயிற்றிலேயே கெட்டுப்போகும். அதற்காக அவருக்கு ஒரு வீடு கட்டினார்கள். செங்கல் சுவர். சிமெந்துத் தரை. தெற்குப் பக்கம் கண்ணாடி ஜன்னல். கண்டியிலிருந்து லொறியில் வந்த இரும்பு அடுப்பு, புகை போகத் தகரக் குழாய். ஒரு நாள் அந்த வீட்டைக் காலால் அளந்து பார்த்தேன். நீளமும் அகலமும் நம் காம்பராவின் அளவேதான். அங்கே அவர் ஒருவர். இங்கே நாம் நான்கு பேர். நமக்குக் கண்ணாடி இல்லை, ஜன்னலே இல்லை.

அடுப்பு வந்த வருடக் குளிரில்தான் தங்கச்சி திரேசா போனாள். மூன்று வயது. மார்புச் சளி. எனக்கு அப்போது பதினொன்று. நீங்கள் கரியும் மிலாறும் சுமந்துகொண்டு பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் மிலாறு, நன்றாக எரியும். "அவளயும் தூக்கிட்டுப் போயி அங்க படுக்க வைக்கலாம்ல அப்பா?" என்று கேட்டேன். "தொரைகிட்ட கேக்கணும்டா" என்றீர்கள். மூன்றாம் நாள் அவளைப் புதைத்தோம்.

கேட்டீர்களா? கேட்டு, முடியாது என்றாரா? கேட்கவே இல்லையா? அதற்குப் பிறகு பதினொரு வருடம் நீங்கள் இருந்தீர்கள். எவ்வளவோ பேசினோம். இதை மட்டும் நான் கேட்கவில்லை. அம்மாவுக்கும் தெரியாதாம்.

நீங்கள் பெரியவரைக் கூப்பிடும் விதம்தான் எனக்கு ஆகாது. குளிர்மாதத்தில் தினமும் மத்தியானம் மூட்டம் விலகி ஒரு மணி நேரம் வெயில் விழும். அப்போது கதவைத் திறந்து, வாளியில் அகப்பையால் இரண்டு தட்டுத் தட்டி, குனிந்து, "வாங்க ஐயா, வாங்க" என்பீர்கள். அவர் உள்ளேயிருந்து அடி அடியாக நடந்து வெயில் விழுந்த பாறைக்கு வருவார். ஓடு சூடான பிறகுதான் வாய் திறப்பார். நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து பூசணித் துண்டை நீட்டுவீர்கள்.

துரைமார் நம் தமிழைப் படித்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வருகிறார்கள். வா. போ. எடு. வெட்டு. சும்மா இரு. அவர்கள் படிக்கிற புத்தகத்தில் 'ங்க' இல்லை போலிருக்கிறது. இருபது வயதுச் சின்னத் துரை ஐம்பது வயது உங்களை "நீ வா" என்பார். நீங்கள் ஓடுவீர்கள். அப்படி ஓடிப் போய் நின்று "சரிங்க தொரை" என்ற அதே வாயால் ஒரு மிருகத்தை "வாங்க" என்பீர்கள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"தொரை உங்கள 'நீ வா'ங்குறான். நீங்க அவன் ஆமைய 'வாங்க'ங்குறீங்க. வெக்கமா இல்லயா?"

"அவரு பெரியவருப்பா."

"ஆமைப்பா அது. ஆமை."

"ஆமைதான். பெரிய ஆமை" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போய்விட்டீர்கள்.

துரையின் சொத்து என்பதால் அதற்கும் சலாம் போடுகிறீர்கள் என்று முடிவு செய்தேன். அடுத்த மாதம் கண்டிக்குப் போய் அச்சகத்தில் சேர்ந்தேன். அங்கே போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மனதில் ஓடியது அந்த வாளிச் சத்தம்தான்.

போன வருடம் ஐப்பசி மழையில் கரிக்கொட்டகைக் கூரை பறந்துவிட்டது. குளிருக்குச் சேர்த்து வைத்த கரி நனையாமல் இருக்க, அதைக் கூடை கூடையாகச் சுமந்து ஆமை வீட்டுக்குள் போட்டீர்களாம். இரண்டு நாள் நனைந்தீர்கள். தோட்டம் கொடுத்த உங்கள் கம்பளி கரி மூட்டையின் மேல் கிடந்தது. எனக்குச் சேதி வந்து நான் வந்து சேர்ந்தபோது உங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்து மருந்தகத்தில் சிவப்பு மருந்துத் தண்ணி கொடுத்திருந்தார்கள். எல்லா நோய்க்கும் அதே சிவப்புத் தண்ணிதான். நீங்கள் என்னைப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது, "அடியில உள்ள கரி ஈரம்டா. வெயில்ல போடணும்." என் பெயரைச் சொல்லவில்லை.

உங்களைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது எனக்குப் பசித்தது. அதுதான் நினைவிருக்கிறது. யாரோ ரொட்டி கொடுத்தார்கள். தின்றேன். அழவில்லை. அழுகிறேனா என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவாவது அழுதிருக்கலாம்.

மூன்றாம் நாள் சின்னத் துரை எங்களை ஆபீஸ் படிக்குக் கூப்பிட்டார். பெரிய துரை சீமைக்கு லீவில் போயிருந்தார். முழங்காலால் அம்மா மலைக்கு ஏறுவதை விட்டு இரண்டு வருடமாகிறது. வேலைக்கு ஆள் இல்லாத காம்பராவைப் பூட்டிவிடுவது தோட்டத்து வழக்கம்.

"உன் அப்பன் செத்துப் போச்சு. நல்ல ஆள்" என்றார் சின்னத் துரை. "பெரிய தொரை மாசி மாசம் வரும். ஆமை உசிரா இருந்தா, அம்மா காம்பராவில இரு. ஆமை செத்துப் போச்சு, அம்மா போ."

நான் வாயைத் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மூடிக்கொண்டேன்.

அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப் போயிருக்கலாமே என்று இதை வாசிப்பவர்கள் கேட்பார்கள். கண்டியில் நான் படுத்தது அச்சகத்துப் பின்பக்கம், காகிதக் கட்டுகளுக்கு நடுவில். இரண்டு வாரம் நான் திரும்பி வராததால் அந்த இடத்திலும் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஆகவே உங்களைக் கொன்ற ஆமையை உயிரோடு வைத்திருப்பதுதான் எனக்கு வேலை. அப்போது அப்படித்தான் நினைத்தேன், அப்பா. உங்களைக் கொன்ற ஆமை என்று.

முதல் தவறை நானும் சின்னத் துரையும் சேர்ந்து செய்தோம். குளிர் ஏறும்வரை பெரியவர் தானாகவே வெளியே வந்து தின்றார். மார்கழி பிறந்ததும் சின்னத் துரை ஆமை வீட்டுக்கு வந்தார். அடுப்பைப் பார்த்துத் தலையாட்டினார். "எங்க ஊர்ல ஆமை தூங்குது. குளிர் பூரா தூங்குது. வைக்கோல் போதும். கரி வேண்டாம்" என்றார். நானும் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் படித்திருந்தேன், குளிர்நாட்டு ஆமைகள் உறங்கும் என்று. உங்களுக்குப் படிப்பில்லாததால்தான் இத்தனை வருடம் கரி சுமந்திருக்கிறீர்கள் என்று எனக்குள் ஒரு கசப்பான சந்தோஷம். அடுப்பை அணைத்தேன். வைக்கோலைக் குவித்து மூடினேன். பெரியவரும் அசையாமல் கிடந்தார். தூங்குகிறார் என்று போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் மரியான் எட்டிப் பார்த்தார். நாற்பது வருடம் துரைமாருக்கு முட்டை பொரித்துக் கொடுத்த மனிதர். எதற்கும் பதறுவதில்லை. வைக்கோலை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தூங்குறாரா? கண்ணப் பாரு தம்பி. குழிஞ்சு போச்சு. மூக்குல சளி. இது தூக்கம் இல்ல."

"சின்னத் தொரை ஊருல..."

"அவங்க ஊரு ஆமை கைக்குள்ள அடங்கும். அது தூங்கும். இவரு நம்மள மாதிரி. வெயில் ஊருலருந்து கப்பல்ல ஏத்தி இங்க கொண்டாந்து போட்டது. இவருக்குத் தூங்கத் தெரியாது, வெறைக்கத்தான் தெரியும்."

படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

அடுப்பை மறுபடி மூட்டினேன். மரியான் சமையலறைக் கரியில் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தார். உங்கள் ஈரக் கரியையும் வெயிலில் காயப்போட்டு எடுத்தேன். வீடு சூடாயிற்று. கண் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அவர் தின்னவில்லை. மத்தியான வெயிலில் ஓடு காய்ந்தால்தான் தின்பார். வெயிலுக்குப் போக வேண்டுமானால் அவரே நடக்க வேண்டும். தூக்க நான்கு ஆள் யார் தருவார்கள்?

"வா" என்றேன். "ஏய், வா." "வாடா." "நகரு." பின்னால் நின்று தள்ளினேன். சுவரைத் தள்ளுவது போலிருந்தது. பூசணியை வாசலில் வைத்துக் காத்திருந்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தார். எட்டு நாள், ஒன்பது நாள். பத்தாம் நாள் ஒரு தடி எடுத்து ஓட்டின் மேல் அடித்தேன். அப்பா, அடித்தேன். ஒரு தரம் இல்லை. உஸ் என்று ஒரு மூச்சு வந்தது. அவ்வளவுதான். அடித்ததில் எனக்குக் கை வலித்தது.

"உங்கப்பா ஒரு நாளும் தடி எடுத்ததில்ல" என்றார் மரியான். "மரியாதயாக் கூப்பிடுப்பா."

என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் சின்னத் துரையே வந்து முயன்றார். வாசலில் நின்று, தொடையில் தட்டி, "வா! இங்கே வா! சுருக்கா வா!" என்றார். காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் அதே குரல். கீழே மிலாறு சுமந்துகொண்டு போன இரண்டு பெண்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று கட்டைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்துவிட்டார்கள். பெரியவர் ஓடி வரவில்லை. "செத்துப் போகும்" என்று சொல்லிவிட்டுச் சின்னத் துரை போனார். அந்தப் பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். சிரிக்கலாம் போலிருந்தது. சிரிப்பும் வரவில்லை.

நான் காம்பராவுக்குப் போய் அம்மாவின் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினேன். இரண்டு சட்டி, ஒரு பாய், மாதா படம், உங்கள் கரிக்கூடை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அவர எப்பிடிக் கூப்பிடுற?"

"எப்பிடின்னா? வான்னுதான்."

"வாங்கன்னு கூப்பிட்டியா?"

நான் பாயைச் சுருட்டிக் கட்டினேன். அம்மா எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பங்களா வரைக்கும் நூற்று அறுபது படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினார். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். "மொதல்ல உன் ரோசத்தத் தூக்கிப் போடு" என்றார்.

வாசலில் உட்கார்ந்து முதலில் அம்மாதான் கூப்பிட்டுப் பார்த்தார். "வாங்க ஐயா, வாங்க." அசைவு இல்லை. "என் கொரலுக்கு வரமாட்டாரு. பழக்கமில்ல. உனக்கு உங்கப்பா கொரலு. நீ கூப்பிடு."

"அம்மா, ஒரு ஆமைய..."

"கூப்பிட்றா."

வாளியில் இரண்டு தட்டுத் தட்டினேன். குனிந்தேன். "வாங்க" என்றேன். என் வாயிலிருந்து நீங்கள் பேசினீர்கள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நாக்கு கூசியது. "ஐயா, வாங்க" என்றேன் இரண்டாம் தரம். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓட்டுக்குள்ளிருந்து தலை வந்தது. சுருங்கிய தோல், கறுத்த கண். ஒரு கால் முன்னால் வந்தது. பிறகு மற்றது. பாறைக்குப் போய்ச் சேர அவருக்கு எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரமும் நான் வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். வெயில் போவதற்குள் ஒரு வாய் பூசணி கடித்தார்.

அம்மா சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

ஆமைக்கு மரியாதை தெரியும் என்று நான் நம்பவில்லை. 'வா' என்பது சுருக்கென்று தெறிக்கிற சத்தம். கல் விழுவது போல. 'வாங்க' நீளும், தணியும். பதினைந்து வருடம் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் பூசணி வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாறையில் காலை நீட்டி வெயில் காய்ந்துகொண்டே, நான் கேட்காததைச் சொன்னார்.

"உங்கப்பா மட்டும் என்ன? மொத வருசம் உன்ன மாதிரிதான் கத்துனாரு. தொரை நம்மளக் கூப்பிடுற மாதிரி, வா வான்னு. அசையல. ஒரு நா வெளையாட்டுக்கு வாங்கன்னிருக்காரு. வந்துருச்சாம். அன்னிக்கி வந்து எங்கிட்ட சொன்னாரு. 'இந்த மலையில வான்னா ஓடாத உசிரு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு புள்ள. நாம எல்லாம் ஓடுறோம். அதுக்கு மரியாத குடுக்காம நான் வேற யாருக்குக் குடுக்குறது?'ன்னாரு."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? வெட்கமா இல்லையா என்று நான் கேட்ட அன்று இதைச் சொல்லியிருக்கலாமே. ஒரு வாக்கியம். "அவரு பெரியவருப்பா" என்று சொல்லிவிட்டு வாளி கழுவப் போனீர்கள். நான் உங்களை அடிமை என்று நினைத்துக்கொண்டே கண்டிக்குப் போனேன். அங்கே இருந்த நாளெல்லாம் அப்படித்தான் நினைத்தேன். அதை நீங்கள் அறிந்தே இருந்தீர்களா?

கோபம் இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை. மரியாதையை ஆமைக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தீர்கள். கடைசி மழையிலும் ஓடினீர்கள். தெரிந்தே ஓடினீர்கள் என்பதுதான் இப்போது கூடுதலாகத் தெரிகிறது. தெரியாமல் ஓடினீர்கள் என்று நினைத்தபோது இதைவிடச் சுலபமாக இருந்தது.

அதன் பிறகு குளிர் முழுக்கத் தினமும் மத்தியானம் கூப்பிட்டேன். அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்ன பிறகு சொல்லிப் பழகினார். தை பாதியில் அம்மாவின் குரலுக்கும் தலை நீட்டினார். காலையில் மிலாறு, மத்தியானம் வெயில், சாயங்காலம் வைக்கோல் மாற்றுவது. எனக்கு அவர் மேல் அன்பு வரவில்லை. அவருக்கும் என் மேல் வந்திருக்காது. ஒரே அடுப்புப் பக்கத்தில் இருவரும் இருந்தோம்.

மாசியில் பெரிய துரை வந்தார். வந்த மறுநாளே துரைசானியோடு ஆமையைப் பார்க்க வந்தார். சின்னத் துரை, மரியான், கீழ்ப்படியில் கை கட்டியபடி அம்மா. பெரியவர் வீட்டுக்குள் இருந்தார். துரை, "வா! வா!" என்றார். வெளியே தெரிந்துகொண்டிருந்த தலையும் உள்ளே போயிற்று.

"சீக்கா?" என்றார் துரை. "நீ கூப்பிடு."

வாளியைத் தட்டினேன். "வாங்க ஐயா, வாங்க" என்றேன்.

ஆமையை 'வா' என்றுதான் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்த துரை, தன்னைத்தான் வரவேற்கிறேன் என்று நினைத்துவிட்டார். இத்தனை வருடம் அந்தச் சொல் அவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லப்பட்டு அவர் கேட்டதில்லை. தொப்பியை எடுத்து, "சலாம், சலாம்" என்று சிரித்துக்கொண்டு என்னை நோக்கி இரண்டு அடி வந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆமை உயிரோடு இருக்கிறது, அம்மாவுக்குக் காம்பரா கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் போதும். கீழ்ப்படியிலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுக்க அம்மாவுக்குக் கை எட்டவில்லை.

"உங்கள இல்ல தொரை" என்றேன். "அவரக் கூப்பிட்டேன்."

மரியானுக்கு இருமல் வந்தது. பெரியவர் கதவைத் தாண்டி வந்து, துரையின் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு, பாறையை நோக்கிப் போனார். துரைசானிக்கு யாரோ அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்திராவிட்டால் ஒருவேளை அதோடு போயிருக்கும்.

"நீ என்ன சொன்னது?" என்றார் துரை. முகம் சிவந்துவிட்டது.

சொன்னதையே மறுபடி சொன்னேன்.

"ஆமை நல்லா இருக்கு. அம்மா இரு. நீ போ. இந்தத் தோட்டத்தில இனி நீ வராதே."

ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. அன்று மத்தியான பஸ்ஸிலேயே கண்டிக்கு வந்தேன். வேறு அச்சகம், வேறு பின்பக்கம், அதே காகிதக் கட்டுகள். சொல்லாமல் இருந்திருந்தால் இன்று உங்கள் குழிமேட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பேன். திரேசாவுக்கும் ஒன்று ஏற்றியிருப்பேன். சொன்னதற்கு வருத்தமா என்று அம்மா கேட்டனுப்பினார். தெரியவில்லை என்று சொல்லியனுப்பினேன். உண்மையிலேயே தெரியவில்லை. மெழுகுவர்த்தியோடு போகிறவர்களைக் காலையிலிருந்து பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது பெரியவரைப் பார்ப்பது அம்மாதான். மிலாறுக் கட்டுகளை மரியான் தூக்கி வைத்துவிடுகிறார். கூப்பிடுவது அம்மா. இந்த மார்கழி வந்ததும் காம்பராவில் கிடந்து விறைக்கப்போவதில்லை, பகல் முழுக்க ஆமை வீட்டு அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்காரப்போகிறேன் என்று அம்மா சொன்னாராம். எனக்குப் பயமாக இருந்தது. "தொரைகிட்ட கேட்டியா?" என்று கேட்டனுப்பினேன்.

"கேக்கணுமா?" என்று பதில் வந்தது.

அதைக் கேட்ட அன்றுதான், அப்பா, ஒரு வருடத்துக்குப் பிறகு, எனக்குக் கண்ணில் ஏதோ வந்தது. கரித் தூளாக இருக்கும் என்று சொல்ல இங்கே கரியும் இல்லை.

போன வாரம் அச்சக முதலாளி உள்ளேயிருந்து, "டேய், வா இங்க" என்றார். நான் அசையவில்லை. "டேய்" என்றார். எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தரம் எழுந்து வந்து என் முன்னால் நின்று, கிண்டலாக, "ஐயா கொஞ்சம் வாங்களேன்" என்றார். போனேன். கிண்டலாகச் சொன்னாலும் சொல் அதுதானே.

உங்களுக்கு ஒரு வாக்கு. உங்கள் குழிமேட்டுக்கு வருவேன். தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கி வரமாட்டேன். பெரிய ரோட்டு வழியாக, எல்லைக் கல்லைத் தாண்டி, துரை வாயால் 'வாங்க' என்று என்னைக் கூப்பிடக் கேட்டுத்தான் வருவேன். அதுவரை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு இருப்பேன். அதற்கு எத்தனை குளிர் போகுமோ தெரியாது. வந்ததும் திரேசாவைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். பெரியவரைப் பற்றி நீங்கள் அப்புறம் கேளுங்கள்.

உங்கள் குரல் வாய்த்த மகன்,
பிலவேந்திரன்